பின்னால் யாருமில்லை

அம்பத்தூர் ஷோரூம் பையன்
சாவியோடு ஒரு லட்டும் கொடுத்துச் சொன்னான்:
"இனிமே கழுத்தைத் திருப்பவே வேணாம் சார்."
ஸ்பாண்டிலோசிஸ்காரனுக்கு
அதைவிட என்ன வரம் வேண்டும்.

ரிவர்ஸ் போட்டதும் விழித்துக்கொள்ளும் கண்.
நம்பர் பிளேட்டுக்கு மேல்,
சுண்டுவிரல் நகத்தளவு.
பச்சை, மஞ்சள், சிவப்பு என்று
தரையில் இல்லாத கோட்டைத்
தரைமேல் போட்டுக் காட்டும்.

முதல் மாதம் நான் திரையையே பார்த்தேன்.
திரை தரையையே பார்த்தது.
புரசைவாக்கத்தில் ஒரு சந்து.
யாரோ ஏசி மாட்டிய இரும்புச் சட்டம்
தலையுயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.
கோடு பச்சையாகவே இருந்தது,
பின்கண்ணாடி நொறுங்கும்வரை.
பதினோராயிரத்து இருநூறு.
அந்த பில் இன்னும் டேஷ்போர்டில் இருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாய்த் தெரிந்தது.
அது மீனின் கண்.
அகலமாய்ப் பார்க்கிற ஆசையில்
அருகில் இருப்பதையும்
கொஞ்சம் தள்ளிவைத்துக் காட்டும்.
மார்கழிப் பனியில் புரை விழும்.
சேறு பட்டால் உலகமே சேறு.
பக்கவாட்டில் பாய்ந்து வரும் ஆட்டோவை
வந்தபிறகுதான் சொல்லும்.

சிவப்புக் கோட்டில் பம்பர் தொடங்குகிறது என்பது
சமதளத்தின் சத்தியம்.
எங்கள் பெரம்பூர்த் தெருவிலோ
தார் போடும் ஒவ்வொரு தடவையும்
ரோடு அரையடி எழும்பி
வாசல் பள்ளத்துக்குப் போய்விட்டது.
சரிவில் கோடுகள் பொய் சொல்வதில்லை;
வேறொரு தரையைப் பற்றிப் பேசுகின்றன.

ஐப்பசி. இரவு எட்டரை. கரண்ட் இல்லை.
மெட்ரோ பள்ளங்களைச் சுற்றிவந்த அலுப்பு.
கேட்டைத் தாண்டி ரிவர்ஸ் போட்டேன்.
திரையில் தூண், சம்ப் மூடி,
இடது கீழ் மூலையில் ஒரு மழைத்துளி
எங்கிருந்தோ வெளிச்சத்தைக் குடித்து
எலுமிச்சை அளவுக்கு ஊதிக்கிடந்தது.
பீப் பீப் என்றது சென்சார்.
ஈர நாளில் அது சும்மாவே கத்தும்.
சும்மாதான் கத்துகிறது என்று
பிரேக்கிலிருந்து கால் எழும்பவும் செய்தது.

ஏன் நிறுத்தி இறங்கினேன்?
ஞானம் என்றெல்லாம் இல்லை.
அந்த எலுமிச்சையைத் துடைக்கலாமென்றுதான்.

எலுமிச்சை அவள் கையில் இருந்தது.
பம்பருக்கு ஒன்றரை அடியில்
குத்துக்காலிட்டு, இரண்டாம் மாடி ஜெசிந்தா,
செல்போன் வெளிச்சத்தைத் தரையில் ஓட்டியபடி.
"கம்மல் திருகு விழுந்துடுச்சுண்ணே.
வண்டிச் சத்தம் கேட்டுச்சு.
கேமராதான் இருக்கே, பாத்திருப்பீங்கன்னு..."

ஒரே துளியை நம்பி
அந்தப் பக்கம் அவள்,
இந்தப் பக்கம் நான்.

முழங்கால் நடுங்கியது தெரியாமலிருக்க
நானும் உட்கார்ந்து தேடினேன்.
டெயில் லாம்ப் சிவப்பில்
தரையின் சொரசொரப்பெல்லாம் திருகாய்த் தெரிந்தது.
கடைசியில் கண்ணுக்குச் சிக்கவில்லை,
சம்ப் மூடியின் விளிம்பில்
அவள் விரலுக்குத்தான் சிக்கியது.
கேமராவைவிடச் சிறியது.

சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தேன்.
வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தேன்.
அவள் காதைத் தடவிக்கொண்டே நகர்ந்து
என் வலப்பக்கக் கண்ணாடிக்குள் வந்து நின்றாள்.
இடம் பார்த்தேன், வலம் பார்த்தேன்,
கழுத்தைத் திருப்பினேன்.
நரம்பு சுரீரென்றது. இருக்கட்டும்.

"வரலாம் வரலாம்... ரைட்ல ஒடிங்க...
இன்னும்... இன்னும் கொஞ்சம்...
போதும்ணே."

திரையில் அப்போதும்
சிவப்புக் கோட்டுக்கு நிறைய இடமிருந்தது.
நிறுத்திவிட்டேன்.