வாயில் வீடு, அளவெடுப்பு

மேட்டில் இருந்த பெரிய பங்களா
நான் பிறக்கும் முன்பே போய்விட்டது.
அந்த இடத்தில் இருபத்துநான்கு மாடி.
சரிவின் அடியில்
காவலாளிக்கென்று கட்டிய கல்வீடு மட்டும்
பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற பலகையோடு
சாலையைப் பார்த்து நிற்கிறது.

புக்கிட் தீமா, காலை ஏழேகால்.
ரோஸ்லி ஏணியைப் பிடித்துக்கொள்ள
லேசர் புள்ளியைச் சுவரில் வைக்கிறேன்.
தடிப்பு நானூற்று அறுபது மில்லிமீட்டர்.
முகப்புக்கு மட்டும் உபின் தீவுக் கருங்கல்,
ஒவ்வொன்றிலும் உளி நடந்த தடம்.
பக்கச் சுவரைத் தட்டினால் குரல் வேறு.
உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்பு.
ஈரம் காயுமுன் கரணை நுனியால் கோடு கிழித்துக்
கல் என்று சொல்ல வைத்திருக்கிறார்கள்.
ஒரு கோடு கோணல்.
மழை வந்திருக்கும், அல்லது சாப்பாட்டு மணி.

கூரைச் சரிவு ஐம்பத்தைந்து பாகை.
உறைபனி வழுக்கி விழுவதற்காம்.
நூற்று முப்பது ஆண்டுகளாகத்
தயாராகவே இருக்கிறது.

உள்ளே, அறை இரண்டில், கணப்பு அடுப்பு.
தலையை நுழைத்து அண்ணாந்தேன்.
கரி இல்லை, விரலில் ஒட்டும் அளவுகூட.
உச்சியில் ஒரு சதுரம் வானம்,
அதன் விளிம்பில் ஒரு மைனா.
குளிர் நாட்டில் எவரோ வரைந்த தாள்
கப்பலில் வந்திருக்கிறது;
வேர்வை சொட்டச் சொட்ட
அப்படியே கட்டிவிட்டார்கள்.

இப்போதைய காவலாளி அற்புதராஜ்
ஸ்கூடாயிலிருந்து நாலு மணிக்குப் புறப்பட்டுப்
பாலம் கடந்து பைக்கில் வருகிறவர்.
அவருக்கு இடம் வெளியே:
அலுமினியக் கூண்டு, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி.
கல்வீட்டுக்குள் யாரும் உட்காரக்கூடாது,
ஆணி அடிக்கக்கூடாது.
சாவி மட்டும் அவர் இடுப்பில்.

"அளந்தாச்சாம்மா?" என்று வந்தவர்
நனைந்த மழைக்கோட்டைக்
கணப்பு மேடையில் விரித்தார்.
தலைக்கவசத்தை உள்ளே வைத்தார்,
விறகு அடுக்கும் இடத்தில்.
"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.
காத்து நல்லா இழுக்கும். சீக்கிரம் காயும்."

இழுத்தது.
கோட்டின் ஒரு கை
புகைபோக்கியின் பக்கம் மெல்ல அசைந்தது.

சாயங்காலம் அலுவலகத்தில்
கோணல் கோட்டைக் கோணலாகவே வரைந்தேன்.
அறை இரண்டு, கணப்பு அடுப்பு, நிலை:
இந்தக் கட்டத்தில் எப்போதும்
'பயன்பாட்டில் இல்லை' என்றே எழுதுவோம்.
எழுதினேன்.
பிறகு கடைசிச் சொல்லை மட்டும் அழித்தேன்.

மேலாளர் கேட்டால்
தட்டச்சுப் பிழை என்பேன்.