ஏழாவது சுனை

எழுமலை பஸ் ஸ்டாண்டில் காலை நாலே முக்கால்.
பூக்கடைக்காரரிடம் தராசு கேட்டு
என் பையைத் தூக்கி வைத்தான் சிக்கந்தர்.
பதினான்கு கிலோ.
அதில் ஆறு கிலோ தண்ணீர்.
தண்ணீரைப் பார்க்கப் போகிறவன்
தண்ணீரைச் சுமந்து போகிறான்.

நான் வால்வு திறப்பவன்.
மாநகராட்சி மேற்குப் பகுதி, பதினோரு தெரு,
நாலு நாளைக்கு ஒருமுறை,
தெருவுக்கு ஐம்பது நிமிடம்.
ஐந்து நிமிடம் கூட விட்டால்
அடுத்த தெரு என் அப்பன் பேரை இழுக்கும்.
மலைமேல் ஏழு சுனை,
ஒன்றின் தலையில் ஒன்று என்றார்கள்.
எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்:
எத்தனை மணிக்கு விடுவார்கள்?

வழிகாட்ட வந்த ஒச்சப்பனுக்கு
தூரமெல்லாம் பீடிக் கணக்கு.
"இந்தா, ரெண்டு பீடிதான்."
ரெண்டும் தீர்ந்து
தீப்பெட்டியும் வேர்வையில் நமுத்த பிறகும்
ஏற்றம் நெற்றிக்கு நேரே நின்றது.
ஆளுயரப் போதைப்புல் முன்கையைக் கீறியது.
ஜெபராணி டீச்சர் எப்போதும் முன்னால்,
இருபது வருடம் விசில் ஊதிய நுரையீரல்.
என் முழங்கால்
மழைக்காலத்து இரும்பு வால்வு போல
ஒவ்வொரு திருப்புக்கும் முனகியது.

முதல் சுனையில் காய்ந்த சேறு,
அதில் ஒரு குரங்கின் கைத்தடம்.
இரண்டாவதில் தலைப்பிரட்டைகள், ஒரு பிஸ்கட் கவர்.
மூன்றாவதைத் தாண்டிவிட்டோமாம்.
"அப்பவே வந்துச்சேண்ணே" என்றான் ஒச்சப்பன்,
நாங்கள் கால் கழுவிய குழியைத் திரும்பிக் காட்டி.

நாலாவதற்கு முன் மொட்டைப் பாறை.
கயிறு இல்லை. வேர் இருந்தது.
கீழே பார்க்காதீர்கள் என்றார் டீச்சர்.
பார்த்தேன்.
வெயிலில் கண்மாய்கள் தட்டுத் தட்டாக,
கரடுகளுக்கு அப்பால்
புகையா ஊரா என்று தெரியாத மதுரை.
அங்கே இந்நேரம் பதினோரு தெருவிலும்
குடங்கள் வந்து இடம்பிடித்திருக்கும்.
இன்றைக்குத் திறப்பவன் புதுப் பையன்.
மூன்றாம் தெரு வால்வு மட்டும்
இடப்பக்கம் திரும்பும் என்று
அவனிடம் சொன்னேனா?

வேரில் தொங்கிக்கொண்டு
அதைத்தான் யோசித்தேன்.

இரவு, நாலாவது சுனைக்கரை.
சோறு வேகவில்லை.
ஊறுகாய் மானத்தைக் காப்பாற்றியது.
சிக்கந்தர் டார்ச்சை அணைத்த பிறகுதான் கேட்டது:
நாலிலிருந்து கீழ்க்குழிக்கு
நூலளவு நீர்,
யாரும் திறக்காமல்.
பழக்க தோஷத்தில் வாட்சைப் பார்த்தேன்.
ஐம்பது நிமிடம் ஆயிற்று.
நிற்கவில்லை.
எழுந்து போய் நிறுத்தவேண்டும் போல
கை ஊறியது.

ஐந்தாவதை மூடுபனிக்குள் கையால்தான் பார்த்தேன்.
ஆறாவதில் உட்கார்ந்துவிட்டேன்.
பூட்ஸைக் கழற்ற
குதிகால் தோல் சாக்ஸோடு வந்தது.
"நீங்க போய்ட்டு வாங்க."
யாரும் மறுத்துப் பேசவில்லை.
அது கொஞ்சம் வலித்தது, குதிகாலைவிட.

ஒரு குச்சியை இறக்கி ஆழம் அளந்தேன்.
முழங்கைக்கு மேல், தோளுக்குக் கீழ்.
எழுதி வைக்க ரிஜிஸ்டர் இல்லை.
ஒரு தவளை என்னைப் பார்த்துவிட்டு
வேலையைத் தொடர்ந்தது.

தலை ஈரத்தோடு திரும்பி வந்தார்கள்.
எப்படி இருக்கிறது?
"பெருசு" என்றார் டீச்சர்.
"சின்னதுதான்" என்றான் சிக்கந்தர், அதே மூச்சில்.
ஒச்சப்பன் பீடி பற்றவைத்தான்.
என் கையில் ஒரு பாட்டில் தந்தார்கள்,
வாய்வரைக்கும்.

உசிலம்பட்டியில் பஸ் நிரம்பியது.
பாட்டில் மடியில்.
குடிக்கவும் இல்லை,
ஏன் குடிக்கவில்லை என்றும் தெரியவில்லை.
பக்கத்துச் சீட்டுக் குழந்தைக்கு விக்கல்.
அதன் அம்மா பாட்டிலைப் பார்த்தாள்,
கேட்கவில்லை.
கொடுத்தேன்.

முக்கால்வாசி குடித்துவிட்டு
முகத்தைச் சுளித்தது குழந்தை.
"இலை வாசம் அடிக்குதும்மா."

செக்கானூரணியில் அவர்கள் இறங்க
மூடியும் கூடவே போய்விட்டது.
மிச்சத்தைக்
காளவாசல் வரை
கட்டைவிரலால் அடைத்துப் பிடித்தபடி வந்தேன்.