சண்டை பிடிக்க ஒரு கடற்கரை

வெள்ளவத்தையில் எங்கள் அனெக்சுக்கு
ஒரு பக்கச் சுவர் பலகை.
அதற்கப்பால் மிஸிஸ் கனகசபேசன்
குளிசை விழுங்குவது கேட்கும்.
எத்தனை மிடறு தண்ணீர் என்றுகூடச் சொல்வேன்.
அப்படியென்றால் எங்களுடையது
அவவுக்கு எவ்வளவு கேட்கும்!

ஆகவே நாலு மாதமாய்
நாங்கள் சண்டை பிடிக்கவில்லை.
வாட்ஸ்அப்பில் திட்டிக்கொண்டோம்,
ஒரே கட்டிலில், முதுகுக்கு முதுகு,
ஃபோன் வெளிச்சம் முகத்தில் அடிக்க.
கோபத்தில் எழுத்துப் பிழை வரும்.
பிழையைப் பார்த்தால் சிரிப்பு வரும்.
சிரித்தால் சண்டை கெட்டுவிடும்,
தீராது.

நிக்கினிப் போயாவுக்கு இருவருக்கும் லீவு.
"எங்கையாவது ஆளில்லாத இடத்துக்குப் போய்
ஒருக்கா ஒழுங்காப் பிடிப்பம்" என்றான் நிமலரூபன்.
கொடுப்புப் பல்லைப் பிடுங்கப் போகிறவர்கள் மாதிரி
நேரம் குறித்தோம்.

ஏழு நாற்பது ரயில்.
வாசலில் தொங்கும் பெடியன்கள்.
வெள்ளை உடுத்து விகாரைக்குப் போகிறவர்களின்
மடியில் தாமரை மொட்டு.
எங்கள் பையில் ரொட்டி ஆறு,
மாங்காய், உப்புத்தூள், இஞ்சிச் சோடா.
மனசில் இலக்கமிட்ட பட்டியல்.
ஒன்று, அக்காவுக்கு அவன் அனுப்பிய காசு.
இரண்டு, அதைச் சொல்லாதது.
மூன்று, பிடிபட்டபோது
"சொல்லத்தான் இருந்தனான்" என்றது.

தெஹிவளை. கல்கிசை. இரத்மலானை.
அங்குலானையில் இறங்கி
தண்டவாளத்தோடு தெற்கே நடந்தோம்.
வள்ளங்கள் முடிந்தன.
வலை காயப்போட்ட கயிறுகளும் முடிந்தன.
தாழம்புதர் ஒன்றைச் சுற்றினால்
பெயர்ப்பலகை இல்லாத ஒரு துண்டு மணல்.
நண்டுகள் மட்டும்.
அவையும் எங்களைக் கண்டு
உள்ளே போய்விட்டன, மரியாதை தெரிந்தவை.

செருப்பைக் கழற்றினோம்.
"தொடங்கு."
"நீ தொடங்கு."
"உன்னட்டத்தானே பட்டியல்."

தொடங்கினேன்.
சோழகம் வாயிலிருந்தே சொல்லைப் பறித்தது.
"என்ன?"
"காசு!"
"காத்தா? ஓம், சரியான காத்து!"

பிறகு கத்தினேன்,
கழுத்து நரம்பு புடைக்க,
நாலு மாதத்தையும்.
ஒவ்வொரு வசனத்தின் வாலையும்
அலை விழுங்கியது.
எங்கள் மொழியில் வால்தானே எல்லாம்.
செய்தாயா, செய்யவில்லையா,
வேணுமா, வேண்டாமா,
அத்தனை வினைமுற்றும் உப்புத் தண்ணீருக்குள்.
மிஞ்சியது நீ, நான், அக்கா, காசு, நீ, நான்.

அவனும் கத்தினான்.
என் தம்பியின் மோட்டார் சைக்கிளைப் பற்றி,
நடுச்சாமத்தில் நான் ஃபேனை நிற்பாட்டுவதைப் பற்றி,
இன்னும் ஏதேதோ. எல்லாம் கேட்கவில்லை.
பிறகு காற்று ஒரு கணம் மூச்சு வாங்க,
கத்திக்கொண்டிருந்த அதே குரலில்
"அக்கான்ர தாலிக்கொடி அடைவில கிடந்தது,
உன்னட்டச் சொல்ல வெக்கமா இருந்தது!"
முழு வசனமும் கேட்டது,
வாலோடு.

ஒரு ராவணன் மீசை உருண்டை
முட்கால்களால் ஓடிவந்து
எங்கள் இருவருக்கும் நடுவே போனது,
அவசர வேலை இருப்பதுபோல்.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்,
அடம்பன் கொடியில் சிக்கும்வரை.

ஊடல் என்று யாரும் இதை அழகாய் எழுதவேண்டாம்.
சண்டைதான்.
நான் மன்னிக்கவும் இல்லை,
மூன்றாம் இலக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது.
ரொட்டியில் பெரியதை
அவன் பக்கம் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான்.
அவன் மாங்காய்க்கு உப்பைக் கூடப் போட்டான்.
அதற்கும் கொஞ்சம் கத்தினேன்,
காற்று இருந்தபடியால்.

பொழுதுபட வீடு வந்தபோது
இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.
கேற்றடியில் மிஸிஸ் கனகசபேசன்.
"கடல் காத்து, அன்ரி" என்றேன்,
பாதிதான் வெளியே வந்தது.
அவ ஒன்றும் கேட்கவில்லை.
உள்ளே போய் இரண்டு கோப்பை கொண்டுவந்தா.
கொத்தமல்லி, வேர்க்கொம்பு போட்டு,
கடும் கறுப்பாய் வற்றியது.
இப்போது அவித்ததல்ல,
மத்தியானமே அவித்திருக்கவேண்டும்.

கட்டில் விளிம்பில், காலில் மணலோடு,
பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து குடித்தோம்.
மிடறு மிடறாய்.
எண்ணியிருப்பா.