நாசமாப்போ

தொகையைச் சொல்லமாட்டேன்.
தெருவையும்.
சாட்ஸ்வர்த் என்று வைத்துக்கொள்ளுங்கள்,
குப்பைத்தொட்டியின் மூடியைத் திறக்க
குரங்குகளுக்குத் தெரிந்த ஊர்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு.
பொச்செஃப்ஸ்ட்ரூமிலிருந்து ரெய்னியர் என்றொருவன்
மோட்டார்சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு
லோகோ வரைந்து கேட்டான்.
சக்கரத்தின் மேல் ஒரு வண்டு.
ஆறு கால் வரைந்தேன், நான்கு போதும் என்றான்.
அழித்தேன். பார்க்க நாய் மாதிரி இருக்கிறது,
மறுபடி ஆறு என்றான்.
பேசிய கூலி எண்ணூறு ராண்ட்.
வந்ததோ பிட்காயின்.
இதுவும் பணம்தான் என்று ஒரு வரி,
பின்னால் ஒரு சிரிப்புமுகம்.

டர்பனில் எந்த டாக்சிக்காரனும்
சிரிப்புமுகத்தைச் சில்லறையாக வாங்குவதில்லை.
அன்றிரவே வாலட்டுக்குப் பூட்டுப் போட்டேன்.
மடிக்கணினி, கராஜில்,
பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்,
பதினோரு வருடம்.

இந்த ஜூலையில் எடுத்தேன்.
இருமிக்கொண்டே எழுந்தது ஹார்ட் டிஸ்க்.
முதலில் எதையும் தொடாதே, பிரதி எடு.
எடுத்தேன், இரண்டு பென்டிரைவில்.
ஒன்று அரிசி டின்னுக்குள் போயிற்று.
முகவரியை மட்டும் தேடிப் பார்த்தால்
இருக்கிறது. போட்டது போட்டபடி இருக்கிறது.
உலகத்தில் யாரும் பார்க்கலாம்,
சொந்தக்காரியும் பார்க்கலாம்,
பார்க்கத்தான் முடியும்.

கடவுச்சொல்.
பிறந்தநாள்கள், நாயின் பெயர்,
பழைய காதலனின் கார் எண்.
மூன்று வாரம், நிதானமாக,
பட்டியல் போட்டு, டீ குடித்து,
மூச்சுப் பயிற்சிகூடச் செய்து.
மீட்டுத் தருகிறேன், ஃபைலை அனுப்பு,
கூடவே முன்பணமும் என்று எழுதினான் ஒருவன்.
அவனை பிளாக் செய்தேன்.

புதன்கிழமை, எட்டு மணி.
நானூறு சொற்களை வரிசையாய்ச் சோதிக்கும் நிரல்
முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றிருந்தபோது
லோட்ஷெடிங்.
பேட்டரி என்றோ செத்த கணினி அது.
இருட்டில் யார் வீட்டு ஜெனரேட்டரோ
வசதியாக உறுமியது.

எங்கள் வீட்டில் எல்லாம் இங்கிலீஷ்தான்,
திட்ட மட்டும் தமிழ்.
நாசமாப்போ என்றேன், எஸ்காமை.
சொன்ன வாய் மூடவில்லை.
அந்த வார்த்தை என் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.
இதே வயிற்றெரிச்சல்தான்.
அன்றைக்கு எஸ்காம் இல்லை, அவன்.

பத்தரைக்கு விளக்கு வந்தது.
நாசமாப்போ, இடைவெளி விடாமல் ரெய்னியர்,
இங்கிலீஷ் எழுத்தில், நா-வுக்கு இரண்டு ஏ.
திறக்கவில்லை.
எவ்வளவு கோபம் இருந்திருக்கும்.
மூன்று ஏ.

கத்தவில்லை. எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

புதிய கருவி வந்தது, உறை கிழியாமல்.
அது தந்த இருபத்துநான்கு சொற்களைத் தாளில் எழுதி,
கருவியை அழித்து,
தாளிலிருந்து மறுபடி உயிர்ப்பித்துப் பார்த்தேன்.
பிறகு துளியூண்டு அனுப்பினேன்,
குழம்பை உள்ளங்கையில் சொட்டிப் பார்ப்பதுபோல.
ஆறு உறுதிப்பாடுகள். ஒரு மணி நேரம்.
கூரை மேல் ஹடேடா ஒன்று
என் சார்பில் அலறிவிட்டுப் போனது.
அப்புறம் மொத்தமும்.
சங்கிலி கிளைவிட்டபோது தானாக முளைத்த
சில்லறை நாணயங்களைக் கடைசியில்தான் தொட்டேன்.

சொற்களை எஃகுத் தகட்டில் குத்தினேன்.
சுத்தியல் சத்தத்துக்கு அக்கா எட்டிப் பார்த்தாள்.
படம் மாட்டுகிறேன் என்றேன்.
எந்தப் படம் என்றாள்.
இப்போது ஹாலில் ஒரு நீர்வீழ்ச்சி தொங்குகிறது.
தகடு வங்கிப் பெட்டகத்தில்.
இந்தக் கவிதையில் ஒரு பொய் இருக்கிறது.

ரெய்னியருக்கு எழுதினேன்.
நாசமாகவெல்லாம் போகவில்லை.
தன் பங்கைப் பதிமூன்றிலேயே விற்று
கியர்பாக்ஸ் மாற்றினானாம்.
வண்டு இன்னும் கடை வாசலில் இருக்கிறது என்றான்,
ஆறு காலோடு. அதே சிரிப்புமுகம்.
பதினோரு வருடச் சாபத்துக்கு
என்ன வட்டி என்று தெரியாமல்
ஏதோ அனுப்பினேன். அந்தத் தொகையையும் சொல்லமாட்டேன்.
கடவுச்சொல்லை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டான்.
கரண்ட் போச்சு என்றேன்.

புதிய கருவி ரகசிய எண் கேட்டுக்
கண் சிமிட்டுகிறது.
இப்போது யார் மேலும் கோபமில்லை எனக்கு.
அதுதான் பயமாக இருக்கிறது.