பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

இருபத்தோரு வருஷமாய் இந்த ஊர்க் கோர்ட்டில் நான் அமீனா.
டான்யூப் கரையின் ஜனவரிக் காற்றில்
வாய் திறந்தால் வார்த்தைக்கு முன் ஆவி வரும்.
சைக்கிள், தோளில் சம்மன் பை.
பையில் பாதி
வக்கீல் ராத்கா வெல்சேவா போட்ட பிராது.
அத்தனையும் நகரசபை மேல்.

உப்புத் தூவாத நடைபாதையில்
இடுப்பெலும்பு முறிந்த தபால்காரிக்காக ஒன்று.
பாதியில் நின்ற பாலத்துக்காக இரண்டு.
கடைசியாய்த் தோல்காரத் தெரு:
சாக்கடை எதிர்த்து ஏறி
பதினேழு வீட்டு நிலவறையும் நாறிப்போனது.
மிளகாய் ஊறுகாய், குளிர்கால விறகு,
ஸ்டாமெனின் கிளாரினெட், அது கிடந்த வெல்வெட் பெட்டி.

மேயர்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை.
ஒருவர் சம்மன் மேல் காப்பிக் கோப்பையை வைத்தார்.
"வட்டம் விழுந்ததா?" என்று கேட்டாள் ராத்கா.
"நல்லது. கையிலாவது எடுத்திருக்கிறான்."

பிறகு தேர்தல்.
தோல்காரத் தெரு ஜன்னலெல்லாம் அவள் படம்.
நானும் அவளுக்குத்தான் போட்டேன்,
சொல்லக் கூடாது,
போட்டேன்.

வக்காலத்து வேறு கைக்கு மாறி
வாய்தா வாய்தாவாய் நகர்ந்த வழக்கு
மார்ச்சில் எழுந்து உட்கார்ந்தது.
அவள் தட்டச்சிய அதே தாள்கள்.
பிரதிவாதி: நகர மேயர்.
மாடி ஏறினேன்.

முதலில் சிரித்தாள்.
பிறகு வாசித்தாள், முழுக்க,
யாரோ எழுதியதைப் போல.
மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.
"காலவரம்பு மூன்று நாள் தப்புகிறது.
அன்றைக்கே தெரியும் எனக்கு.
இந்தக் கட்டடத்தில் எண்ணத் தெரிந்தவன்
ஒருத்தனும் இல்லையென்று நம்பித்தான் போட்டேன்."

ஹீட்டர் குழாயில் தண்ணீர் முனகியது.
கீழே பட்ஜெட் கூட்டத்துக்கு நாற்காலி இழுத்தார்கள்.
பதினேழு நிலவறைக்கு நஷ்டஈடு என்றால்
பள்ளிக்கூடக் கூரை இந்த வருஷமும் ஒழுகும்.
அவள் அதைச் சொல்லவில்லை.
மேஜை மேல் விரித்துக் கிடந்தது.

நகரசபை வக்கீல் லுபென் வந்தான்,
மீசை சரியாக அரும்பாத பையன்.
"ஏதாவது ஓட்டை இருக்கா மேடம், இதில்?"

என் பதிவேட்டை இழுத்தாள்.
மனுதாரர் தரப்புக் கட்டத்தில்
பழக்கதோஷமாய்ப் பாதிப் பெயர் எழுதி,
அடித்து,
பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்திட்டாள்.
"நீயே எண்ணிப் பார்," என்றாள்
அவன் பக்கம் திரும்பாமல்.

வீட்டுக்குத்
தோல்காரத் தெரு வழியாகத்தான் போவேன்.
ஸ்டாமென் வாசலில் நின்று எப்போதும் ஏதாவது கேட்பான்.
அன்றைக்கு
ஆற்றங்கரையைச் சுற்றிப் போனேன்.