பெருங்குடி தாண்டி ரயில் நின்றபோது

வேளச்சேரியில் ஜன்னலோரம் கிடைத்தது.
பெருங்குடி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது.
சிக்னலாம்.
வெளியே சதுப்பு நிலம், அதற்கப்பால் குப்பை மலை,
அதன் உச்சியில் பீடிப் புகைபோல ஒரு கோடு.
பெட்டியில் எல்லோரும் ஒரே நேரத்தில்
போனுக்குக் குனிந்தோம்.

நான் பின்தொடர்கிறவர்கள்:
ஆயிரத்து நூற்று எண்பத்தாறு பேர்.

தெருவில் ஒருவன் இரண்டு திருப்பத்துக்குமேல்
பின்தொடர்ந்தால்
செருப்பைக் கழற்றத் தயாராகிவிடுவேன்.
இங்கே நானே இத்தனை பேர் பின்னால் அலைகிறேன்,
ஒருவர் வாசலிலும் எனக்கு வேலையில்லை.

சரி. வண்டி கிளம்புகிறவரை.

முதலில், நாலரைக்கு எழுகிறவர்.
எழுந்ததை ஏழு மணிக்குள் மூன்று முறை சொல்கிறவர்.
போய் வாருங்கள்,
லேபில் என் ராத்திரி ஷிப்ட் முடிவதே ஆறுக்கு.

யார் செத்தாலும் முதல் மாலையோடு வந்து நிற்கிறவர்.
செத்தவர் ஓரமாகவும்
இவர் நடுவிலும் இருக்கிற பழைய படங்கள்
எங்கிருந்துதான் கிடைக்குமோ.

கறித்துண்டை வாயில் வைக்குமுன்னே
கண்ணை மூடிவிடுகிறவர்.
என்ன கேட்டாலும்
கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டு நகர்கிறவர்.

அப்புறம் பெயர்கூடப் பார்க்கவில்லை,
விரல் தானாகப் போனது,
தணிகாசலம் பக்கத்தில் வந்து நின்றது.

குடிநீர் வாரியத்தில் வால்வு திருப்பியவர். ஓய்வு.
தினமும் இப்படித்தான் எழுதுவார்:
"நாலாவது குறுக்கு, 5.40க்கு வந்தது.
முதல் ரெண்டு குடம் மஞ்சள். காய்ச்சிக் குடிக்கவும்."
படம் கிடையாது. விருப்பக்குறி மூன்று,
அதிலொன்று அவர் மருமகளுடையது.
போன ஐப்பசியில் கேட்டேன்:
ஐயா, எங்கள் தெருத் தண்ணீரில் சாக்கடை வாடை.
ஒரே சொல்லில் பதில்: "வரேன்."
வந்தார், பழைய டிவிஎஸ்ஸில்.
குடத்தை முகர்ந்தார், சாலை மூடியைக் காலால் தட்டினார்,
யாருக்கோ போன் போட்டு ஒருமையில் பேசினார்.
காபி வேண்டாம், சர்க்கரை, என்றார்.

ஷம்ஷாத் இருக்கட்டும்.
இதோ இந்தச் சதுப்பில்தான் பறவை எண்ணுகிறாள்.
"பூநாரை நாற்பத்தொன்று" என்று ஞாயிறு போட்டாள்.
திங்கள் திருத்தினாள்: "நாற்பது.
ஒன்று ரோஸ் கலர் கவர்."

கலியமூர்த்தி எனக்கு நேர் எதிர்க்கட்சி.
அவர் எழுதுவதைப் படித்தால் பல் நறநறக்கும்.
நீக்கத்தான் கையெடுத்தேன்.
ஒருமுறை மின்கட்டணத்துக்காக நாள் முழுக்கச் சண்டை.
இரவு பன்னிரண்டு தாண்டி எழுதியிருந்தார்:
"காலையில் நான் போட்ட கணக்கு தப்பு.
அந்த அம்மா சொன்னதே சரி."
அந்த அம்மா நான்தான்.
சண்டைக்கு நடுவே ஒருவர் இப்படிச் சொல்லி
இந்தப் போனில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.
விரலை எடுத்துக்கொண்டேன்.
நாளைக்கும் பல் நறநறக்கட்டும்.

தேவசேனா, ஹாஸ்டலில் என் அறைத்தோழி.
ஆழ்வார்பேட்டையில் இப்போது பால்கனி வைத்த வீடு.
அவள் தொட்டியில் செம்பருத்தி பூத்தால்
எனக்கு இங்கே வயிறு எரியும்.
நீக்கினால் நிம்மதி.
நீக்கவில்லை.
ஏனென்று கேட்காதீர்கள்.

வண்டி உலுக்கிக் கிளம்பியது.
இன்னும் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் பாக்கி.
குப்பை மலையை அள்ளுகிற வேகம்தான் எனக்கும்.

தரமணியில் தணிகாசலம் வந்தார்:
"நாளைக்குத் தண்ணீர் இல்லை. மோட்டார் பழுது.
எங்கேயாவது லாரி வந்தால் சொல்லவும்."
கீழே ஒருவரும் வாய் திறக்கவில்லை.
கிளம்பும்போது நான் பார்த்தேன், லாரியை.
சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே என்று
அலுத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

எங்கள் பக்கம் நிற்கிறது, ஒன்பது வரைக்குமாம்,
என்று எழுதினேன்.
ஒரு வருஷத்தில் நானாக எழுதிய முதல் வரி அது.

மெஹருன்னிசா என்று யாரோ,
முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தக்காளிச் செடி,
உடனே கேட்டார்: "எந்தத் தெரு?"

நான் பின்தொடராதவர்.
என்னையும் தொடராதவர்.

சர்ச்சுக்குப் பின்சந்து என்று எழுதி
அனுப்பியும் விட்டேன்.
பிறகு இன்னொன்று அனுப்பினேன்:
கூட்டம் இல்ல, குடத்தோட ஓடுங்க.