எழுத்துக்கு நாலு ரூபாய்

முகாம் வாசலில் ஒரு நோட்டு.
பெயர், ஊர், போன் நம்பர்,
வந்த காரணம்.
'சும்மா' என்று எழுதினேன்.
போலீஸ்காரர் படித்துவிட்டு
பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

சத்தியமங்கலத்தில் பஸ் ஏறும்போது
அணைக்கட்டுக்குத்தான் டிக்கெட்.
பக்கத்து சீட்டில் நிரோசன்,
மடியில் பெயின்ட் டப்பா, இமையில் சுண்ணாம்பு.
"அணையை ஆறுதலாப் பாக்கலாம்,
முதல்ல எங்கட சுவரைப் பாருங்கோ" என்றான்
கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி.

சுவர் பெரிதொன்றுமில்லை.
தண்ணீர்த் தொட்டிக்கும் பால்வாடிக்கும் நடுவே
ஆள் உயரம், பத்தடி நீளம்.
ஒரு முனையில் கொடி கட்டி
யாரோ பாவாடை காயப்போட்டிருந்தார்கள்.
அவன் அதை எடுக்கவில்லை.
பாவாடைக்கு அடியில் குனிந்து படித்தேன்.

முள்ளிவாய்க்காலில் முடிந்துபோனவர்கள்,
இந்த முகாமின் உறவுகள் மட்டும்
அறுபத்தொரு பேர்.

இங்கே ஆண்களுக்கெல்லாம் பெயின்ட் வேலை.
கோபி, அவினாசி, பெருந்துறை,
எங்கே புது பங்களா எழும்பினாலும்
சாரத்தில் ஏறுவது இவர்கள்தான்.
ஆகவே மே மாதம் தவறாமல் சுவருக்கு
ப்ரைமர் ஒன்று, மேலே இரண்டு கோட்.
எழுத்து மட்டும் கைவராது.
அதற்குப் புளியம்பட்டி துளசிமணி வரணும்.
"எழுத்துக்கு நாலு ரூபாங்க,
புள்ளி வெச்சதுக்கும் அதே ரேட்டுதானுங்க."

முதல் வருடம் ஊர்ப்பெயர்கள் போயின.
ரேட் ஏறியதும் அப்பாக்கள் சுருங்கி
ஒற்றை எழுத்தானார்கள்.
வயது மட்டும் அப்படியே இருக்கிறது,
நம்பருக்குக் காசு வேண்டாம் என்று
துளசிமணியே சொல்லிவிட்டாராம்.

கடைசி வரியில்
சிசு.
வயதுக்கான இடத்தில் ஒரு கோடு.
"பேர் வைக்க நாள் பாத்திருந்தவை."
யார் பிள்ளை என்று கேட்க வாயெடுத்தேன்.
அவன் சுவரில் வழிந்து காய்ந்த சொட்டொன்றை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

பிளேன்டி வந்தது.
உள்ளங்கையில் சீனியைக் கொட்டிவிட்டு
என் முதுகுப் பையைத் தூக்கிப் பார்த்த பெண்
சிரித்தாள்:
"நாங்கள் வரேக்க
இவ்வளவு கொண்டுவரேல்லை."

மத்தியானம் கீழ்பவானி வாய்க்காலில்
துணியோடு இறங்கி, மூக்கைப் பொத்தி, முங்கினேன்.
தண்ணீருக்குள் நன்றாகத்தான் இருந்தது.
இன்னொரு தரம் முங்கினேன்.
அதுவும் நன்றாக இருந்தது.

ஈரத்தோடு மயிலாத்தா கடை.
எண்ணெய்ச் சட்டியில் மிளகாய்ச் சிவப்பு நுரை.
"ஜிலேபியா, கட்லாவா கண்ணு?
தட்டு நூத்தியிருவதுங்க."
முப்பது எழுத்து, என்றது மண்டை.
ஊர்ப்பெயரோடு மூன்று பேர்.

ஆனால் பசித்தது.
வெட்கமில்லாத, வாய்க்கால் குளியலுக்குப் பிந்தைய பசி.
எலுமிச்சை பிழிந்து
வால்வரை தின்றேன்.
"முள்ளு பாத்துங்க" என்றபடி
கேட்காமலே அடுத்த தட்டை வைத்தாள்.
அதையும் தின்றேன்.
பக்கத்து மேஜையில் கல்லூரிப் பையன்கள்
எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்க
எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்தேன்.

இரவு சத்தி லாட்ஜிலும் ஒரு நோட்டு.
பெயர், ஊர், போன் நம்பர்.
கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.
மீன் வாசம் போகாத விரல்கள்.
கவுன்டர் பையன் எட்டிப் பார்த்தான்:
"டூர்னு போடுங்க்கா,
எல்லாரும் அதான் போடறாங்க."

டூர்.

ஃபேன் ஓடுமா என்று கேட்டுவிட்டு
சாவியை வாங்கிக்கொண்டேன்.